குதிரை இனங்களின் இதயம்: தோரோபிரெட், அரபி, இழுவைக் குதிரை – எது எதற்குப் பொருந்தும்?

500 கிலோ தோரோபிரெட் பந்தயக் குதிரையையும் 800 கிலோ இழுவைக் குதிரையையும் அருகருகே நிறுத்துங்கள். இரண்டின் மார்புக்குள்ளும் இருப்பது ஏறக்குறைய ஒரே எடையுள்ள இதயம்தான், ஐந்து கிலோவை ஒட்டி. தோரோபிரெட்டில் அது உடல் எடையில் சுமார் 1 சதவீதம். நல்ல பயிற்சி பெற்ற குதிரையில் சற்று மேலேயும் போகும். இழுவை இனங்களில் 0.6 முதல் 0.7 சதவீதம். ரத்தமும் அப்படித்தான். முன்னதில் கிலோவுக்கு 100 மி.லி. அளவில், பின்னதில் 60–70 மி.லி. மொத்தமாகக் கூட்டினால் இரண்டிலும் 50 லிட்டர் பக்கம் வரும். இழுவைக் குதிரை அதே ரத்தத்தை இன்னும் 300 கிலோ உடம்புக்குச் சேர்த்துப் பங்கிட வேண்டியிருக்கிறது. மற்ற வேறுபாடுகள் பலவும் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளைக்கின்றன.

வேகமாகத் துடிக்கும் இதயமே வலுவான இதயம் என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியல்ல. ஓய்வில் வளர்ந்த குதிரையின் துடிப்பு நிமிடத்துக்கு 28–44. மட்டக் குதிரைகளில் கொஞ்சம் கூடும். உச்ச ஓட்டத்தில் 220–240. இந்த உச்சம் இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை, பயிற்சியாலும் கூடுவதில்லை, வயதானால் குறையும். அப்படியானால் எங்கே வித்தியாசம்? ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தில். தோரோபிரெட்டில் ஓய்வில் அது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு; முழு ஓட்டத்தில் 1.25 லிட்டரையும் தாண்டும். 240 துடிப்போடு பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 300 லிட்டர்.

மண்ணீரல் சேமிப்பும் ரத்தப் பரிசோதனைக் குழப்பமும்

இதயத்துக்கு அடுத்து பந்தய இனங்களைத் தூக்கி நிறுத்துவது மண்ணீரல். சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓடத் தொடங்கியதும் அட்ரினலின் உந்துதலில் மண்ணீரல் சுருங்கி அதையெல்லாம் ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. ஓய்வில் 40 சதவீதமாக இருந்த சிவப்பணு விகிதம் (பி.சி.வி.) சில நிமிடங்களில் 60–65 ஆகிறது. இழுவை இனங்களிலும் மண்ணீரல் சுருங்கும். ஆனால் தொடங்கும் இடமே தாழ்வு, கையிருப்பும் அந்த அளவுக்கு இல்லை.

ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது இதை மறந்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். நிதானமாக நிற்கும் இழுவைக் குதிரைக்குப் பி.சி.வி. 30 என்பது இயல்பு. அதைப் பந்தயக் குதிரையின் அளவுகோலில் வைத்துப் பார்த்து, ரத்தசோகை என்று இரும்புச்சத்து ஊசி போடுவது வீண் வேலை. அளவு மீறினால் கல்லீரலுக்கும் கேடு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஊசியைக் கண்டு மிரண்ட அரபிக் குதிரையில் 50 காட்டினால் அது மண்ணீரலின் கைவரிசையாக இருக்கலாம், நீரிழப்பாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரே அறிக்கையில் மொத்தப் புரதத்தையும் பாருங்கள். இரண்டும் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் நீரிழப்பு, பி.சி.வி. மட்டும் உயர்ந்திருந்தால் மண்ணீரல். காலையில், வேலைக்கு முன், லாயத்திலேயே, அமைதியாக இருக்கும்போது ரத்தம் எடுப்பது நல்லது.

தோரோபிரெட்டா, அரபியா?

இரண்டும் பெரிய இதயமும் நிறைந்த ரத்தமும் கொண்டவை என்பதால் இங்கேதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டில் தோரோபிரெட் முன்னணி: கிலோவுக்கு நிமிடத்துக்கு 150 மி.லி. வாக்கில், தேர்ந்தவற்றில் அதற்கும் மேல். உலகத்தரத் தொலைதூர ஓட்டக்காரரான மனிதருக்கு 80–85 இருந்தாலே பெரிய விஷயம். ஒன்றிரண்டு நிமிடப் பந்தயத்தில் அரபி தோரோபிரெட்டுக்கு ஈடாகாது.

80, 160 கிலோமீட்டர் நெடுந்தூரப் போட்டி என்றால் கதை மாறும். மெதுவாகச் சுருங்கும், கொழுப்பை எரித்தே ஓடக்கூடிய தசைநார்கள் அரபியில் அதிகம். உடல் சிறியது, தோல் மெல்லியது, வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. உடலைக் குளிர்விக்கவே தோலுக்குத் தனியாக ரத்தம் அனுப்ப வேண்டிய சுமை குறைவதால் ஓட்டம் நின்றதும் துடிப்பு சட்டென்று இறங்குகிறது. சர்வதேசப் போட்டிகளில் கால்நடை மருத்துவர் சோதனையில் தேர, குறித்த நிமிடங்களுக்குள் துடிப்பு 64க்கு இறங்கியாக வேண்டும். தசை பருத்த தோரோபிரெட் இங்கேதான் திணறும். கால் நன்றாக இருந்தும் வெளியேற்றப்படும். இழுவை இனத்துக்கு இந்தப் போட்டி பொருந்தவே பொருந்தாது.

மீட்சியை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஓய்வு இடத்தில் துடிப்பை எண்ணிக்கொள்ளுங்கள். 38 மீட்டர் டிராட் (மெல்லோட்ட) நடையில் போய்த் திரும்பி வரச் செய்யுங்கள். கிளம்பிய கணத்திலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மீண்டும் எண்ணுங்கள். முன்பிருந்த அளவோ அதற்குக் கீழோ என்றால் தொடரலாம். 4 கூடினால் கவனம் தேவை. 8 கூடினால் களைப்பு, வலி, நீரிழப்பு மூன்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்துவதே நல்லது. ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால், கொஞ்சம் முன்பக்கமாக அழுத்தி வைக்க வேண்டும். ஓய்வுத் துடிப்பு மெதுவானது என்பதால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். ஒரு துடிப்பு தவறினால் நான்கு தவறும். 30 வினாடியாவது எண்ணுங்கள். மின்முனைக் கருவி கட்டினால் இன்னொரு தொல்லை: குதிரையின் இசிஜியில் (இதய மின்பதிவு) டி அலை, அதாவது துடிப்பு முடிந்து இதயம் மறுபடி தயாராகும்போது எழும் அலை, உயரமாக இருப்பதால் சில கருவிகள் ஒன்றை இரண்டாக எண்ணிவிடும். நிற்கும் குதிரைக்குத் திடீரென 80 காட்டினால் காதால் சரிபாருங்கள்.

ஸ்டாண்டர்ட்பிரெட் வண்டிப் பந்தய இனம். இதயத் திறனில் தோரோபிரெட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. குவார்ட்டர் ஹார்ஸைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் 400 மீட்டர் ஓட்டம் இருபது வினாடிச் சொச்சத்தில் முடிந்துவிடும். இதயம் முழு வேகத்தை எட்டுவதற்குள் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலேயே வேலையை முடித்துவிடுகின்றன.

பெரிய இதயத்தை விலைகொடுத்து வாங்க முடியுமா?

புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார் லாப் 1932இல் இறந்தபோது அதன் இதயம் 6.2 கிலோ, கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பந்தயக் குதிரையான செக்ரடேரியட்டுக்கு 22 பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோ என்பார்கள். அது தராசில் நிறுத்த எடை அல்ல, 1989இல் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் மதிப்பீடு. இத்தகைய கதைகளால் குட்டிகளை வாங்கும்போதே இதய அளவைக் கணிக்கும் ஆசை வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் கால்நடை மருத்துவர் ஜே.டி. ஸ்டீல், இசிஜியில் கியூஆர்எஸ் அலையின் (கீழறைகள் தூண்டப்படும்போது எழும் அலை) கால அளவை மில்லிவினாடியில் எடுத்து ‘ஹார்ட் ஸ்கோர்’ என்று வகுத்தார். 120க்கு மேல் என்றால் பெரிய இதயம். ஆனால் குதிரையின் கீழறைச் சுவரில் மின்கடத்தி இழைகள் ஆழமாக ஊடுருவியிருப்பதால் சுவர் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தூண்டப்படுகிறது. ஆகவே அலையின் அகலத்தை வைத்து அளவைச் சொல்வது நம்பகமில்லை. எக்கோ ஸ்கேன் (ஒலியலையால் இதயத்தைப் படமெடுப்பது) எவ்வளவோ மேல். அதிலும் ஒரு நிபந்தனை: பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் இடது கீழறை கணிசமாகப் பெருக்கும். ஓடாத குட்டியையும் ஆறு மாதம் ஓடிய குட்டியையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது. எங்கள் கணிப்பில், ஒரே தூரம், ஒரே வேகத்தில் ஓடவிட்டு மீட்சித் துடிப்பைப் பார்ப்பது ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

இனத்தோடு வரும் கோளாறுகள்

பயிற்சி பெற்ற தோரோபிரெட்டும் ஸ்டாண்டர்ட்பிரெட்டும் ஓய்வில் மூன்று நான்கு துடிப்புக்கு ஒருமுறை ஒன்றை விழுங்கும். சீரான இடைவெளியில் வந்து, கொஞ்சம் டிராட் ஓடியதும் மறைந்தால் அது நோயல்ல. ஓய்வில் இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி அதிகம் என்பதே பொருள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் துடித்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது. பெரிய மேலறை இருப்பதே இதற்கு வாகு. அதனால் ஸ்டாண்டர்ட்பிரெட், தோரோபிரெட், வார்ம்பிளட் (சவாரிப் போட்டிக் குதிரைகள்), இழுவை இனங்களில் காணலாம், மட்டக் குதிரைகளில் அரிது. ஸ்டாண்டர்ட்பிரெட்டில் பரம்பரைத் தொடர்பும் உண்டு. பந்தயக் குதிரையில் வேகம் குறைந்து உடனே வெளிப்படும். மெதுவான வேலை செய்யும் இழுவைக் குதிரையில் மாதக்கணக்கில் தெரியாது. வேறு இதய நோய் இல்லாமல், தொடங்கி நான்கு மாதத்துக்குள் பிடிபட்டால் திருத்தும் வாய்ப்பு நன்று. துடிப்பை ஒழுங்குபடுத்தும் குயினிடின் சல்ஃபேட் மருந்து கிலோவுக்கு 22 மி.கி., மூக்குக் குழாய் வழியே இரண்டு மணிக்கொரு முறை, இசிஜி கண்காணிப்போடு. கியூஆர்எஸ் கால்பங்கு அகன்றால் நிறுத்திவிட வேண்டும். மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது.

தோரோபிரெட்டின் பெரிய இதயத்துக்கு விலையும் உண்டு. முழு ஓட்டத்தில் நுரையீரல் தமனி அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி ஏறி, நுண்குழாய்கள் கிழிந்து மூச்சுக்குழலில் ரத்தம் வரும்.

அரபியிலும் வெல்ஷ் மலை மட்டக் குதிரையிலும் கீழறைத் தடுப்புச் சுவரில் பிறவி ஓட்டை மற்ற இனங்களைவிட அதிகம் பதிவாகிறது. மார்பின் வலப்பக்கம் உரத்த முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல்) கேட்டால் எக்கோ எடுக்காமல் வாங்க வேண்டாம். நெதர்லாந்தின் கறுப்புக் குதிரை இனமான ஃப்ரீசியனில் அஞ்ச வேண்டியது பெருந்தமனி வெடிப்பு. வெடித்த ரத்தம் நுரையீரல் தமனிக்குள் வழி தேடிக்கொண்டால் குதிரை சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அப்போது திரும்பத் திரும்ப வயிற்றுவலி, இருமல், கால் வீக்கம், தாடைக்கடியில் துள்ளும் நாடி, ஓய்விலும் இறங்காத துடிப்பு எல்லாம் சேர்ந்து வரும். வெறும் வயிற்றுவலி என்று மருந்து கொடுத்து நாளைக் கடத்துவது இந்த இனத்தில் அடிக்கடி நேரும் தவறு. ஃப்ரீசியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், வலி தணிந்த பின்னும் துடிப்பு 60க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அதன்மேல் யாரையும் ஏற்றாமல் இதயத்துக்கு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.