பூச்சி எச்சப் பசளை என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட கோழி எரு

மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கு அண்மையில் வீட்டுத்தோட்டம் செய்பவர்களுக்கு எங்கள் மணலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு மாரி மழையோடு, போட்ட பசளையில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். ஆகவே, விற்பவர்கள் ‘பிளாக் சோல்ஜர்’ என்று சொல்லும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு எச்சம் மணல் நிலத்துக்கு ஏற்ற சேதனப் பசளை என்று முகநூலில் வந்த விளம்பரத்தைக் கண்டு, 10 கிலோப் பொதி 2,500 ரூபா வீதம் இரண்டுக்கான முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிட்டேன். அந்த அவசரம் என்னுடைய பிழை.

பொதியை அவிழ்த்ததும் கண் எரியுமளவுக்கு அமோனியா நெடி அடித்தது. தொலைபேசியில் கேட்டபோது, “புதுச் சரக்கு அண்ணன், சத்துக் கூடினால் மணம் அப்படித்தான்” என்றார் விற்றவர். நானும் நம்பி, நட்டு மூன்று கிழமையான கொச்சிக்காய்க் கன்றுகளுக்கும் கத்தரிக் கன்றுகளுக்கும் ஒவ்வொரு பிடி இட்டு நீரூற்றினேன். நான்காம் நாள் இலை விளிம்புகள் கருகத் தொடங்கின. 40 கன்றுகளில் 11 மட்டுமே மிஞ்சின. மீண்டும் அழைத்தபோது, குற்றம் என் மணலுக்கும் என் கிணற்றுத் தண்ணீருக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது பொதியில் புழுக்கள் நெளிந்தன. அதையே அவர் அசலுக்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு சற்றுத் தட்டையானது. கண்டங்கள் தெளிவாகத் தெரியும். முதிர முதிரக் கருங்கபில நிறமாகும். என் பொதியில் இருந்தவை வெள்ளையாக, வழுவழுப்பாக, ஒரு நுனி கூர்ந்தவையாக இருந்தன. சிலவற்றைப் பொதியின் எருவோடு போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தேன். வெளிவந்தவை குளவியைப் போன்ற கரிய ஈக்கள் அல்ல. சோற்றுக் கோப்பையில் வந்து குந்துகிற அதே வீட்டு ஈக்கள். பக்கத்து வளவில் கோழி வளர்க்கும் மாமி ஒரு பிடியைக் கிளறி, உள்ளிருந்து சிற்றிறகொன்றை உருவி எடுத்து, “இது நம்மட கூட்டுக்குள்ள கிடக்கிறதுதானே மகன்” என்றார். வாளித் தண்ணீரில் கரைத்தபோது அடியில் மணலும் மேலே கரிந்த உமியும் பிரிந்து நின்றன.

உண்மையான பூச்சி எச்சம் என்பது புழுவின் கழிவும், அது உரித்த தோல்களும், தின்னாமல் விட்ட தீனியின் மிச்சமும் சேர்ந்தது. அரித்து உலர்த்தி முதிரவிட்டால், மண் மணமுள்ள கபிலநிறத் தூளாக இருக்கும். தோல்களில் உள்ள ‘கைற்றின்’ என்ற ஓட்டுப் பொருள், செடியின் தற்காப்பைத் தூண்டக்கூடியது. ஆனாலும் விளம்பரத்தில் சொன்னதுபோல வெண் ஈயையும் அழுக்கணவனையும் ஒழிக்கிற மருந்து அதுவல்ல. முதிராத எச்சத்திலும் அமோனியா மிகுந்திருக்கும் என்பதால், அசல் சரக்கே ஆனாலும் நெடி அடித்தால் கன்றுக்கு இடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் கொண்டுவந்த விதி, அதனைச் சந்தைக்கு விடுமுன் 70 பாகை செல்சியசில் ஒரு மணி நேரமாவது சூடாக்க வேண்டும் என்கிறது. எனக்கு வந்ததோ பச்சைக் கோழி எரு. அதில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். கீரைப் பாத்திக்குப் போடாமல் விட்டது நல்லகாலம்.

நம் நாட்டில் 2021 மே மாதத்தில் வந்த இரசாயனப் பசளைத் தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. சேதனம் என்று எழுதியிருந்தால் பொதிக்குள் இருப்பதைக் கேட்காமலே வாங்குகிற பழக்கம் மட்டும், என்னைப் பொறுத்தவரை, நீங்கவில்லை. பொதியில் நைதரசன் வீதம் தசம புள்ளியோடு அச்சிடப்பட்டிருந்தது. எந்த ஆய்வுகூடம் சோதித்தது என்பது அச்சிடப்படவில்லை. எந்த ஈயின் புழு, எதைத் தின்று வளர்ந்தது, அரித்தபின் எத்தனை நாள் முதிரவிட்டது என்று பணம் அனுப்புமுன்னரே கேளுங்கள். நான் பிந்திக் கேட்டேன், பதில் வரவில்லை. கைக்கு வந்த பின்னரும், பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து ஒரு சாடியில் பத்துப் பயறுகளை ஊன்றிப் பாருங்கள். என் சாடியில் முளைத்தவை இரண்டு.

மக்கவைத்தால் கோழி எருவும் நல்ல பசளைதான்; அதன் விலைக்கு அதன் பெயரிலேயே விற்றிருந்தால் இந்தப் பதிவுக்கு இடமில்லை. 5,000 ரூபா இன்னும் திரும்பவில்லை. என் இலக்கத்தை அவர் தடுத்துவிட்டார். மீதியைச் சருகோடு கலந்து, தென்னையடியில் குழி வெட்டி மூடியிருக்கிறேன்.