நாக்ஸ்வில் பெண்கள் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம்: சீருடை துவைத்த பயிற்சியாளரைத் தேடிப் போன பயணம்

என் மகள் ஆடும் பள்ளி அணியில் ஒன்பது பெண்கள். ஞாயிறுதோறும் அந்த ஒன்பது சீருடைகளும் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வந்து சேரும். பெற்றோர் கூட்டத்தில் நானே கை தூக்கி ஏற்றுக்கொண்ட வேலை. துவைத்து, எண் பார்த்து, மடித்து வைக்கும்போதெல்லாம் எனக்குப் பேட் சமிட்டின் நினைவு வரும். 1974-ல், இருபத்திரண்டாம் வயதில், டென்னஸி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடைகளைத் துவைத்ததும் அவர்தான், வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டியதும் அவர்தான். 2012-ல் அவர் விலகியபோது கணக்கில் 1,098 வெற்றிகளும் எட்டு தேசியப் பட்டங்களும் இருந்தன. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் அன்றுவரை ஆண்கள் அணியாகட்டும் பெண்கள் அணியாகட்டும், வேறு எந்தப் பயிற்சியாளரும் அத்தனை ஆட்டங்களை வென்றதில்லை.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லை, அவருடைய ஊரை, மகளுக்குக் காட்ட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிட்டோம்.

முதலில் போனது பெண்கள் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது இந்த ஆட்டத்தில் சாதித்தவர்களைப் போற்றும் அருங்காட்சியகத்துக்கு. கட்டடத்தை யாரிடமும் வழி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முப்பது அடி உயரம், பத்து டன் எடையுள்ள ஆரஞ்சு நிறக் கூடைப்பந்து ஒன்று அதன் முகப்பில் உட்கார்ந்திருக்கிறது. உலகிலேயே பெரியது என்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் அங்கே நிற்பார்கள், நாங்களும் நின்றோம். 1999 ஜூனில் திறக்கப்பட்ட இடம் இது. முதல் ஆண்டே இதில் சேர்த்துச் சிறப்பிக்கப்பட்ட இருபத்தைந்து பேரில் சமிட்டும் ஒருவர்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது சமிட் ஒருவருக்காகக் கட்டிய நினைவில்லம் அன்று, பெண்கள் ஆட்டம் முழுமைக்குமான வீடு. 1890-களில் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்காக விதிகளை மாற்றியமைத்த செண்டா பெரென்ஸன் தொடங்கி, தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆண்கள் அணிகளோடு மோதிய ‘ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்’ வரை கதை நீள்கிறது. ரெட் ஹெட்ஸ் பயணம் செய்த நீளக் காரும் உள்ளே இருக்கிறது. அதன் இருக்கைகளைப் பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றிருந்தேன். இரவெல்லாம் அதில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்து, மறுநாள் ஆடியிருக்கிறார்கள். சமிட்டை மட்டும் பார்க்க வருகிறவர்களும் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். அவர் எந்த மண்ணிலிருந்து முளைத்தார் என்பது இங்கேதான் விளங்குகிறது.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது கீழ்த்தளம்தான். அங்கே ஆடுகளங்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் பந்தை எடுத்து ஆடலாம். என் மகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியபோது, ஓரத்தில் நின்றிருந்த வெள்ளைமுடி அம்மையார் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். “அந்த நடுக்கோட்டைத் தாண்டாமல் ஆடிப் பார், கண்ணு” என்றார். தாமும் களத்தில் இறங்கி, கோட்டை ஒட்டிக் கால் விரல்களை வைத்து, இரு கைகளையும் அகல விரித்து நின்றுகாட்டினார். டென்னஸியின் உயர்நிலைப் பள்ளிகளில் அவர் காலத்துப் பெண்கள் அப்படித்தான் ஆடினார்களாம். அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். கோட்டை யாரும் தாண்டக் கூடாது. இவர் தடுப்பாட்டக்காரர். “நான்கு வருடம் ஆடினேன். ஒரு ஆட்டத்திலும் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததே இல்லை” என்று சொல்லிவிட்டு, மகளிடமிருந்து பந்தை வாங்கி எறிந்தார். வளையத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடி எறிந்தார், விழுந்தது. மகள் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சமிட்டும் பள்ளியில் ஆடியது அந்த ஆறு பேர் ஆட்டத்தைத்தான். அதற்கே ஊர் மாற வேண்டியிருந்தது. கிளார்க்ஸ்வில் பக்கத்துப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதால், மகளுக்காகக் குடும்பமே ஹென்றியெட்டாவுக்குக் குடிபெயர்ந்தது. பிற்பாடு பயிற்சியாளராக உட்கார்ந்தபோது, சொந்த மாநிலத்துப் பெண்கள் பாதிக் களத்தை மட்டுமே அறிந்தவர்களாகக் கல்லூரிக்கு வருவதைக் கண்டார். விதியை மாற்றாவிட்டால் டென்னஸிப் பள்ளிகளிலிருந்து ஆள் எடுக்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1979-80 பருவத்தில் விதி மாறியது. 1,098 வெற்றிகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர் செய்தவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன். அவரிடம் ஒருநாளும் ஆடாத, அவர் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு முழுக் களமும் கிடைத்தது.

தொடக்க காலத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சில ஆட்டக்காரர்கள் அவரைவிட ஒரே ஒரு வயது இளையவர்கள். சீருடை வாங்கிய பணம் டோனட் விற்றுச் சேர்த்தது. ஒருமுறை விடுதிக்குக் காசில்லாமல், எதிரணியின் விளையாட்டுக் கூடத்திலேயே இரவு படுத்துக்கொண்டார்கள். முதல் ஆட்டத்தில் மெர்ஸர் பல்கலைக்கழக அணியிடம் 84-83 என்று ஒரு புள்ளியில் தோல்வி. இதற்கிடையே முதுகலைப் படிப்பு, அடிபட்ட முழங்காலைத் தேற்றும் பயிற்சி. அந்த முழங்காலோடுதான் 1976 ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வென்றார். 1984-ல் அமெரிக்க அணியின் பயிற்சியாளராகத் தங்கம் வென்றார்.

முதல் தேசியப் பட்டம் 1987-ல்தான் வந்தது, பதிமூன்றாவது பருவத்தில். பட்டங்களின் பட்டியலை இங்கே நீட்டப் போவதில்லை. ஒன்றை மட்டும் மகளுக்குச் சொன்னேன். 1996-97 பருவத்தில் அந்த அணி பத்து ஆட்டங்களில் தோற்றது, ஆனாலும் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் 39 ஆட்டங்கள், 39 வெற்றிகள். சென்ற வாரம் தோற்றுவிட்டுக் காரில் பேசாமல் வந்த பிள்ளை, “பத்தா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

ஒரு தாயாக என் மனத்தில் பதிந்தது வேறு. சமிட்டின் ஆட்டக்காரர்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். காரணமின்றி வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கூடாது. டென்னஸியில் தங்கள் ஆட்ட ஆண்டுகளை நிறைவு செய்த அத்தனை பேரும் பட்டதாரிகள் ஆனார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருவரும் விடுபடவில்லை.

ஹால் ஆஃப் ஃபேமோடு திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தொலைவில், பல்கலைக்கழக வளாகத்தில், 2013-ல் அமைத்த பேட் சமிட் சதுக்கம் இருக்கிறது. அங்கே அவருடைய வெண்கலச் சிலை, தாம்ப்ஸன்-போலிங் அரங்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கும் அவர் பெயர்தான். 2011 ஆகஸ்டில், ஐம்பத்தொன்பது வயதில், தமக்கு அல்சைமர் நோய் என்பதை அவரே உலகத்துக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பருவம் முழுவதும் அணியோடு இருந்தார். பக்கத்திலிருந்து பாரத்தைச் சுமந்தவர் ஹாலி வார்லிக். ஒரு காலத்தில் அவரிடம் ஆடியவர், பின்பு அவர் இடத்துக்கு வந்தவர். 2016 ஜூன் 28 அன்று, அறுபத்து நான்காம் வயதில் சமிட் மறைந்தார். நாங்கள் போன மாலையில் சிலையருகே யாரும் இல்லை. மகள் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு மணி நேரம் போதும் என்று ஒரு பயணக் குறிப்பில் படித்துவிட்டுப் போனேன். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பிள்ளைகளுக்கு ஆடுகிற காலணி போட்டு அழைத்துப் போங்கள், கீழ்த்தளத்திலிருந்து அவர்களைக் கிளப்புவது கடினம். திறந்திருக்கும் நாள்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும், முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. கூடைப்பந்தே தெரியாதவர்களும் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன், மனமார.

வசந்தகால விடுமுறையில் மறுபடியும் போகிறோம். இந்த முறை மற்ற எட்டுப் பெண்களும் வருகிறார்கள். வாடகை வேனுக்குச் சொல்லிவிட்டேன், ஓட்டப்போவது நான்.