பஸ் டிக்கெட் ஆப்பில் போன 6,472 ரூபாய்: 'உத்தரவாதம்' முத்திரையை நம்பி ஏமாறாதீங்க

6,472 ரூபாய். நாலு பேருக்கு ஏசி ஸ்லீப்பர், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு. பஸ்ஸில் காலே வைக்கவில்லை. பணமும் வரவில்லை. "பயணி குறித்த நேரத்தில் வரவில்லை" என்று எங்கள் தலையிலேயே பழியைக் கட்டி, புகாரை மூடிவிட்டதாக இன்று காலை மெயில் வந்திருக்கிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பஸ் டிக்கெட் போடுகிற பெரிய ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான். இதே மாதிரி மாட்டிக்கொண்டால் எங்கே போகணும், என்ன செய்யணும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன், அதுவரை படியுங்கள்.

பாளையங்கோட்டையில் தம்பி வீட்டுப் பால்காய்ப்பு. ஞாயிறு காலை முகூர்த்தம். நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை, தட்கலும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முன்னாடியே ஊருக்குப் போய்விட்டார். நான், அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்துகொண்டே ராத்திரி முழுக்க வர முடியாது. அதனால்தான் ஸ்லீப்பர், அதுவும் கீழ்ப் படுக்கை.

ஆப்பைத் திறந்தால் மேலே வருகிற பஸ்கள் எல்லாம் விளம்பரம். 'விளம்பரம்' என்பதைச் சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸுக்குப் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டால்தான் தெரியும். அதையெல்லாம் தாண்டிக் கீழே போய்த்தான் தேடினேன். ஒரு வண்டிக்கு 4.6 ஸ்டார், பச்சைக் கட்டம். பக்கத்தில் ஒரு கேடய முத்திரை: 'உத்தரவாதம்'. அதைத் தொட்டால் ஒரு சின்ன ஜன்னல் விரிந்தது. வண்டி ரத்தானாலோ வராவிட்டாலோ முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், எங்கள் குழு ராத்திரியும் உதவிக்கு இருக்கும் என்று அழகான தமிழில் எழுதியிருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ இதையே போடு, நூறு ரூபா கூடப் போனாலும் நிம்மதியா போவோம்" என்றார்கள். முத்திரை இல்லாத வேறு வண்டி ஒன்று கொஞ்சம் மலிவாகவே இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இதைப் போட்டோம்.

கணக்கைப் பாருங்கள். கீழ்ப் படுக்கை இரண்டு, தலைக்கு 1,550. மேல் படுக்கை இரண்டு, தலைக்கு 1,350. மொத்தம் 5,800. ஏசி பஸ் என்பதால் 5 சதவீதம் ஜிஎஸ்டி 290. சரி, அது அரசுக்கு. அதன் பிறகு 'வசதிக் கட்டணம்' 118. யாருடைய வசதி? இன்சூரன்ஸ் 80. அப்புறம் 'இலவச ரத்து வசதி' என்று ஒன்று, அதற்கு 184 ரூபாய். இலவசத்துக்கு 184! அந்த டிக் ஏற்கனவே போட்டே இருந்தது. எடுக்கப் போனால் "உங்கள் பயணத்தை ஆபத்தில் விடுகிறீர்களா?" என்று ஒரு சோக முகம் வருகிறது. மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கடைசி 6 சீட்', '23 பேர் இப்போது பார்க்கிறார்கள்'. (ஊரிலிருந்து திரும்பிய பிறகு அதே வண்டியை வேறு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு எடுத்துப் பார்த்தேன். அப்போதும் கடைசி 6 சீட். அப்போதும் 23 பேர்.) ஆகமொத்தம் 6,472 ரூபாய் யுபிஐயில் ஒரு நொடியில் போயிற்று. போகும்போது மட்டும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

பெருங்களத்தூரில் இரவு 9.40க்கு ஏற வேண்டும். ஒன்பது மணிக்கே பைகளோடு போய் நின்றுவிட்டோம். மெசேஜில் வந்த நம்பருக்குக் கூப்பிட்டால் கிளீனர் பையன், "மதுரவாயல் தாண்டிட்டோம்க்கா, வந்துட்டே இருக்கோம்" என்றான். 9.40 ஆயிற்று, பத்து ஆயிற்று. திரும்பக் கூப்பிட்டால் வேறு கதை. "வண்டி அவுட்டர் ரிங் ரோட்ல போகுதுக்கா, பெருங்களத்தூர் வராது. வண்டலூர் வந்துருங்க." அந்தப் பக்கம் வசிப்பவர்களுக்குத் தெரியும், அவுட்டர் ரிங் ரோடு வண்டலூரில்தான் வந்து சேர்கிறது. அதில் வந்தால் பெருங்களத்தூரைத் தொடவே தொடாது. இதை முன்னாடியே சொல்ல வாய் வரவில்லையா? சனிக்கிழமை ராத்திரி வண்டலூர் போகிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ பிடித்து, அம்மாவை ஏற்றி, வண்டலூர் போய்ச் சேர்ந்தபோது பஸ் இல்லை. கிளீனர் போன் சுவிட்ச் ஆஃப்.

ஆப்பில் 'நேரலை' என்று ஒரு வரைபடம் இருக்கிறதே, அதில் எங்கள் பஸ் 9.42க்குப் பெருங்களத்தூரைக் கடந்துவிட்டதாகக் காட்டியது. நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறோம்! அது வண்டியைப் பார்த்துச் சொல்கிறதா, டைம்டேபிளைப் பார்த்துச் சொல்கிறதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அரசுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்தோம். அந்த கண்டக்டர் அண்ணன் அம்மாவுக்காக முன் சீட்டில் இருந்தவரைக் கேட்டு இடம் மாற்றிக் கொடுத்தார். முகூர்த்தம் முடிந்திருந்தது. அம்மா முட்டி வீங்கிப்போய் ஒரு நாற்காலியிலேயே இருந்தார்கள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

இனிதான் முக்கியமான கதை. ஆப்பில் உதவி என்று அழுத்தினால் சிரித்த முகத்தோடு ஒரு பாட், அதாவது தானாகப் பதில் சொல்கிற இயந்திரம், வருகிறது. டிக்கெட் ரத்து செய்ய, தேதி மாற்ற, ஏறும் இடம் அறிய என்று பட்டன்கள். தேடித் தேடிக் கடைசியில் 'வண்டி வரவில்லை' என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். அழுத்தினால் என்ன வருகிறது தெரியுமா? "புறப்படும் நேரம் கடந்துவிட்டதால் இந்த வசதி இப்போது கிடைக்காது." வண்டி வரவில்லை என்பது புறப்படும் நேரம் கடந்த பிறகுதானே தெரியும்! அதற்கு முன்னால் என்ன சோதிடம் பார்த்தா புகார் கொடுப்பது? இதை ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து, இன்னொருத்தர் சரிபார்த்து, மேலதிகாரி ஒப்புதல் கொடுத்துத்தான் வெளியே விட்டிருப்பார்கள். தெரியாமல் நடந்த பிசகு என்று நான் நம்பத் தயாராக இல்லை.

மனிதரிடம் பேச வேண்டும் என்று தட்டினால் திரும்ப முதல் பட்டனுக்கே கொண்டுபோய் விடுகிறது. போன் நம்பர் எங்குமே இல்லை. மெயில் போட்டேன். ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு பெயர், உள்ளே அதே வாசகம்: "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், பஸ் நிறுவனத்திடம் விசாரித்தோம், வண்டி சரியான நேரத்தில் வந்ததாக அவர்கள் உறுதி செய்துள்ளனர்." யார் ஏமாற்றினாரோ அவரையே கேட்டு அவர் சொன்னதே தீர்ப்பு! கிளீனருக்கு நான் பேசிய கால் பட்டியல், வண்டலூரில் நின்று எடுத்த படம், அரசுப் பேருந்து டிக்கெட் எல்லாம் அனுப்பினேன். ஒன்றையும் திறந்து பார்த்த அறிகுறி இல்லை. முத்திரை விஷயத்தைக் கேட்டால், அது 'ரத்து' ஆன வண்டிக்கும் 'வராத' வண்டிக்கும் மட்டுமாம். இது வந்த வண்டியாம், நாங்கள்தான் வரவில்லையாம். 184 ரூபாய் வாங்கிய இலவச ரத்தோ, புறப்படுவதற்கு ஆறு மணி நேரம் முன்பு வரைதான் செல்லுமாம்.

பஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆப்ல தானே போட்டீங்க மேடம், ஆப்லயே கேளுங்க." ஆப்பைக் கேட்டால், "நாங்கள் வெறும் இடைத்தளம், சேவை தருவது பஸ் நிறுவனம்." 118 ரூபாய் வசதிக் கட்டணம் வாங்கும்போது இடைத்தளம் என்ற நினைப்பு வரவில்லையே.

பெருங்களத்தூரில் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த தம்பி பாவம், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "நீங்க கட்டுன காசு எங்க கைக்கே இன்னும் வரலக்கா. அவங்க கமிஷன் எடுத்துட்டுத்தான் தருவாங்க. லிஸ்ட்ல மேல வரணும்னா அதுக்குத் தனியாக் கட்டணும். அந்த முத்திரைக்கும் கட்டணும். ஆப்ல இல்லன்னா சீட்டு நிக்குது, என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில்தான் எனக்குப் புரிந்தது, நான் தரச் சான்று என்று நம்பிய கேடயம் காசு கொடுத்து வாங்கிய விளம்பரப் பலகை.

பத்து வருஷம் முன்னாடி இதே ஆப் எப்படி இருந்தது! கோயம்பேட்டில் புரோக்கர்கள் கையைப் பிடித்து இழுத்து, தீபாவளிக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கு கேட்ட காலத்தில் இது வந்தபோது நானே நாலு பேருக்கு இறக்கிக் கொடுத்தேன். கேஷ்பேக் தருவார்கள். ஒரு தடவை வண்டி நின்றுபோனபோது ஒரு பெண் தமிழில் பேசி, மறுநாளே பணத்தைத் திருப்பிப் போட்டார். அதெல்லாம் முதலீட்டாளர் காசில் நமக்கு வைத்த விருந்து என்று இப்போது தெரிகிறது. நாம் எல்லோரும் கவுன்ட்டரை மறந்து ஆப்புக்கு வந்தோம். நம்மைக் காட்டி பஸ்காரரை வளைத்தார்கள். பஸ்காரரும் வேறு வழியில்லாமல் மாட்டிய பிறகு, இரண்டு பக்கமும் கறக்கிறார்கள். போன் எடுக்கிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கணும், இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டம், வாடிக்கையாளரை அலுக்க வைத்தால் லாபம். பஸ் ஆப் மட்டுமா, சாப்பாடு, டாக்சி, துணி எதை எடுத்தாலும் இப்போது இதே லட்சணம்.

இன்னொரு கூத்து. போன் நம்பர் கிடைக்காமல் இணையத்தில் தேடினேன். அந்த ஆப்பின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று ஒரு நம்பர் வந்தது. எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசி, பணம் திரும்ப வர ஒரு செயலியை இறக்குங்கள், திரையில் வருகிற எண்ணைச் சொல்லுங்கள் என்றார். பெரியவன் போனைப் பிடுங்கி கட் பண்ணினான். திரையை அவர்கள் பார்க்கிற செயலியாம் அது. 6,472 போதாதென்று வங்கியில் இருப்பதும் போயிருக்கும். நிறுவனம் தன் நம்பரை ஒளித்து வைத்தால் அந்த இடத்தில் திருடன்தானே கடை விரிப்பான்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில், முன்னாலேயே டிக் போட்டு வைத்து ஒப்புதல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' என்று 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பொய் அவசரம் காட்டுவது, கூடையில் கேட்காததைச் செருகுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, விலையைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. நான் ஒரே டிக்கெட்டில் பாதிப் பட்டியலைப் பார்த்துவிட்டேன். 2025 ஆகஸ்டில் ஒரு பைக் டாக்சி ஆப்புக்கு இதே ஆணையம் 10 லட்சம் அபராதம் போட்டது. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய் என்று விளம்பரம். கொடுத்ததோ '50 வரை' மதிப்புள்ள காயின், அதுவும் ஏழு நாளில் காலாவதி. அதைப் படித்தபோது சிரித்தேன். இப்போது எனக்கும் ஒரு கூப்பன் வந்திருக்கிறது. 200 ரூபாய், 30 நாள் செல்லும், 1,500க்கு மேல் டிக்கெட் போட்டால்தான் கழியும். 6,472 ரூபாய் போன இடத்தில் 200, அதையும் அவர்களிடமே செலவழிக்கணும்!

1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் வைத்தேன். தமிழில் பேசலாம், நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்களே தவிர உத்தரவு போட முடியாது. அந்தப் பதில்தான் இன்று காலை வந்த மெயில்: 'பயணி வரவில்லை. புகார் தீர்க்கப்பட்டது.' யாருக்குத் தீர்ந்தது?

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 6,472 ரூபாய்க்காக அலைவாளா என்ற கணக்கில்தான் அவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். அலைவேன்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக நேரமாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பணம் கட்டும் முன் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஆப்பில் விலை பார்த்தாலும், அதே பஸ் கம்பெனியின் ஆபீஸுக்கோ சொந்தத் தளத்துக்கோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப, கேட்க வழி உண்டு. கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடாதீர்கள், அப்படி யாரிடமாவது பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். முக்கியமாக, வண்டிக்குக் காத்திருக்கும்போதே டிக்கெட், வண்டி நம்பர், வரைபடம், முத்திரை வாசகம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'பயணம் முடிந்தது' என்று மாறிய உடனே என் டிக்கெட்டில் அந்த உத்தரவாதப் பக்கம் காணாமல் போய்விட்டது. இப்போது தட்டினால் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடச் சொல்கிறது.