கடல் இலவசம், கப்பலின் எடை நம் பொறுப்பு

முப்பரிமாண அசைபடம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் 'ஓஷன் மாடிஃபயர்' என்றொரு வசதி இருக்கிறது. வெறும் தளத்தை அலையடிக்கும் கடலாக்கிவிடும், காசு கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து பழங்காலத்துப் பாய்மரக் கலம் ஒன்று புறப்படும் காட்சியை ஒரு கண்காட்சிக்குச் செய்து கொடுக்க இதைத்தான் நம்பினேன்.

நீரில் பெரிய குறை இல்லை. கணினி வரைகலை ஆய்வாளர் ஜெர்ரி டெசன்டார்ஃப் பரப்பிய கணக்குமுறைதான் அடிப்படை: வெவ்வேறு நீளமுள்ள ஏராளமான அலைகளை ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறையால் கூட்டி மேற்பரப்பை எழுப்புகிறது. முகடுகள் கூர்மையாகவும் பள்ளங்கள் அகலமாகவும் விழுகின்றன. நுரையும் கேட்டால் கிடைக்கும்.

மென்பொருள் தானாக வைத்துத் தரும் தொடக்க அளவுகளைத்தான் நம்பக் கூடாது. காற்று நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்! 2018 நவம்பரில் கஜா எங்கள் தென்னைகளைச் சாய்த்தது ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். ஆனால் அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது 'ஸ்கேல்' என்ற வேறொரு எண். புயலுக்கு ஏற்றபடி அது தானாக உயராது. போதாததற்குக் கடல்துண்டின் அகலம் 50 மீட்டர். அதைவிட நீளமான அலைக்கு அங்கே இடமே இல்லை. ஆழம் 200 மீட்டர். நாகப்பட்டினக் கரையோரத்தில் அதை எங்கே தேடுவது? காற்றை 8 ஆக்கி, துண்டை 200 மீட்டராக விரித்து, கரையோரக் காட்சிக்கு ஆழம் குறைந்த நீருக்கான வகையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எங்கள் கடலின் சாயல் வந்தது.

நேரத்தையும் நாமே கீஃப்ரேம் வைத்து, அதாவது எந்தக் கட்டத்தில் எந்த மதிப்பு என்று குறித்து, ஓட்ட வேண்டும். ஆழ்கடலில் 50 மீட்டர் நீள அலை கடந்துபோக ஆறு நொடிக்குச் சற்றுக் குறைவாகும். 100 மீட்டர் அலைக்கு எட்டு நொடி. அவசரப்பட்டு இரட்டை வேகத்தில் ஓட்டினால் கலம் தெப்பக்குளத்தில் விட்ட காகிதக் கப்பலாகிவிடும்.

என் உண்மையான மனக்குறை கப்பலைப் பற்றியது. பலரும் சொல்லித்தரும் எளிய வழி, நீர்ப்பரப்பின் மூன்று புள்ளிகளோடு கலத்தைக் கட்டிவிடுவது. கட்டினால் சிற்றலைக்கெல்லாம் துள்ளுகிறது. அக்கரைப்பேட்டையில் விசைப்படகு ஓட்டும் தாய்மாமா அதைப் பார்த்துவிட்டு, சரக்கு ஏற்றாமலே அனுப்புகிறாயா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கலத்தைவிடக் குட்டையான அலைகள் பல அதன் அடியில் ஒரே நேரத்தில் நிற்கும். ஒன்று தூக்குவதை இன்னொன்று இறக்கிவிடும். நீளமான அலைதான் கலத்தை அசைக்கும்.

அதனால் அடிப்பகுதி முழுவதும் பரவலாகப் புள்ளிகளை வைத்து நீர்மட்டத்தை அளந்தேன். எல்லாவற்றின் சராசரி, கலம் ஏறி இறங்குவதற்கு. அணியத்துப் (முன்முனை) பக்கத்துக்கும் அமரத்துப் (பின்முனை) பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், முன்பின் சாய்வதற்கு. இடவலச் சாய்வுக்கும் அதே கணக்கு. இத்தோடும் முடியவில்லை. ஒவ்வொரு கலத்துக்கும் பக்கவாட்டில் ஆடுவதற்கென்று சொந்தத் தாளம் உண்டு. அலை போன பிறகும் அது ஆடி ஓயும். அந்தத் தாமதத்தைத் தரும் பொத்தான் எதுவும் இந்த மாடிஃபயரில் இல்லை. அசைவைக் குறிக்கும் வளைகோடுகளை நானே பிடித்து இழுத்துத் தள்ளிவைத்தேன். மாமா இரண்டாம் முறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுவே சான்றிதழ்.

கலம் கிழித்துச் செல்லும் தடமும் தானாக வராது. 'டைனமிக் பெயின்ட்' என்ற இன்னொரு வசதியை வைத்துத் தனியாக எழுப்ப வேண்டும். கலத்துக்குள்ளேயும் கடல் புகுந்து நிற்கும், அதை வெட்டி மறைக்க வேண்டும்.

கலம் தொலைவில் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். அருகே போய்ப் பார்க்க வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடலுக்குச் சொன்ன காற்றின் திசை பாய்த்துணிக்குப் போய்ச் சேராது. துணிக்கென்று தனியாகக் காற்றுவிசையை வைத்துத் திருப்பாவிட்டால், வாடைக்காற்றில் அலை தெற்கே ஓடும், பாய் வடக்கே புடைத்து நிற்கும்.