கால்டர்கிராஃப்ட் எச்.எம்.எஸ். விக்டரி 1:72 கிட்: கப்பலுடலுக்குப் பெட்டி தருவதும் நாம் சேர்க்க வேண்டியதும்

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் போர்க்கப்பலான விக்டரியை மரத்தில் மாடலாகச் செய்ய விரும்புகிறவர்கள் பலரும் கடைசியில் வந்து சேர்வது கால்டர்கிராஃப்ட் நிறுவனத்தின் இந்தப் பெட்டியிடம்தான். கட்டி முடித்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம் வரும், ஆகவே வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த விமர்சனம் கப்பலுடலைப் பற்றி மட்டுமே. பாய்மரமும் கயிறும் தனிக் கதை.

நேராகவே சொல்லிவிடலாம்: அடிப்படை வடிவத்துக்கு இது வாங்கத் தகுந்த கிட். ஆனால் கையேட்டை மட்டும் பின்பற்றினால் கிடைப்பது விக்டரியின் சாயல்தான். அந்த இடைவெளியை நிரப்பும் வேலைகள் பெரும்பாலும் செப்புத் தகடு ஒட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியவை. பிறகு திருத்த வழியில்லை.

எந்த ஆண்டுக் கப்பல் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இங்கிலாந்தின் சாத்தம் கட்டுதளத்தில் 1759இல் ஏரா (கப்பலின் அடிமுதுகுக் கட்டை) வைக்கப்பட்டு, 1765 மே 7 அன்று கடலில் இறங்கிய கப்பல் இது. அப்போது அடிப்பகுதியில் செம்பு கிடையாது. 1780இல்தான் தகடு அடித்தார்கள். 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் அமரத்தின் (கப்பலின் பின்புறம்) திறந்த உப்பரிகைகள் மூடப்பட்டன. முகப்புச் சிற்பமும் மாறியது: அரச முத்திரையை இரண்டு குழந்தைத் தேவதைகள் தாங்கி நிற்கும் எளிய வடிவம். டிரஃபால்கர் போர் 1805 அக்டோபர் 21. கிட் காட்டுவது 1805ஐ. ஆகவே திறந்த உப்பரிகையோடு இருக்கும் பழைய ஓவியத்தைப் பார்த்து இதில் மாற்றம் செய்யக் கூடாது. 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கும் கப்பலின் புகைப்படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இடையில் நூறு ஆண்டுக்கும் மேலான பழுதுபார்ப்புகள் அதன் மேல் இருக்கின்றன.

பலகை வேலை இரண்டு அடுக்கு: அடியில் லைம் மரம், மேலே வால்நட் மரம். லைம் நன்றாக வளைகிறது. இங்கே கவனம் வேண்டியது அணியத்தருகே (கப்பலின் முன்புறம்) உள்ள வங்குச் சட்டங்களை (கப்பலின் விலா எலும்புகள்) சீவுவதில். நீளமான உப்புத்தாள் பட்டையை மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே வைத்துத் தேய்த்து, ஒரு பலகையை மேலே படுக்க வைத்துப் பாருங்கள். சட்டத்தின் முழு அகலத்திலும் பலகை படிய வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டால் இரண்டாம் அடுக்கில் பள்ளம் தெரியும், செம்பு ஒட்டிய பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும்.

வால்நட் பட்டை அணிய வளைவில் எளிதில் பிளக்கும். ஈரமாக்கி, சூடு காட்டி வளைத்து, அச்சில் இரவு முழுக்கக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். அதன் நுண்துளைகளும் பெரியவை. 1:72இல் 1 மி.மீ. என்பது உண்மையில் 72 மி.மீ.; பெயின்டுக்கு அடியில் தெரியும் ஒரு துளை கப்பலில் விரலளவு பள்ளமாகிவிடும். பெயின்ட் வரும் இடங்களில் சாண்டிங் சீலர் (மரத்துளைகளை அடைக்கும் பூச்சு) இரண்டு முறை அடித்துத் தேய்ப்பது கட்டாயம்.

நீளப் பட்டையை அணியம் முதல் அமரம் வரை ஒரே துண்டாக ஓட்டும் வழக்கம் கிட் கட்டுவோரிடம் உண்டு. உண்மையில் ஓக் பலகை அவ்வளவு நீளம் கிடைக்காது. 24 அடி என்று வைத்துக்கொண்டால் மாடலில் 102 மி.மீ. வரும். முட்டுகள் (இரண்டு பலகைகளின் முனைகள் சேருமிடம்) விழும் இடத்துக்கும் ஒழுங்கு உண்டு: ஒரே வங்கில் மறுபடி முட்டு வர வேண்டுமானால் நடுவே மூன்று முழு வரிசைகள் இருக்க வேண்டும், அடுத்தடுத்த வரிசைகளின் முட்டுகளுக்கு இடையே குறைந்தது 5 அடி, அதாவது 21 மி.மீ. முட்டு வங்கின் மேல்தான் விழ வேண்டும். மாடலின் பல்க்ஹெட் (குறுக்குச் சட்டம்) இடைவெளி உண்மை வங்கின் இடைவெளி அல்ல என்பதால் பென்சிலால் தனியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மர ஆணிகளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். உண்மை அளவு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம், மாடலில் அரை மி.மீ. விக்டரியின் பக்கங்கள் பெயின்டால் மூடியவை. அங்கே ஆணி போடுவது வீண். பெயின்ட் இல்லாத மேல்தளப் பலகையில் மட்டும் போடுங்கள், அதுவும் மரத்தின் நிறத்திலேயே. கறுப்புப் புள்ளிகள் அம்மைத் தழும்பாகத் தெரியும்.

வேல்ஸ் எனப்படும் தடித்த பட்டைப் பலகைகளைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். கப்பலுடலின் மேல் இன்னொரு அடுக்கை ஒட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். மேலும் கீழும் இரண்டு படிகள் நிற்கும். உண்மையில் பிரதான வேலின் மேல் விளிம்பில்தான் தெளிவான படி உண்டு. கீழே பலகைகள் வரிசைக்கு வரிசை மெலிந்து அடிப்பலகையோடு ஒன்றாகக் கலந்துவிடும். மேல் விளிம்பை 1 மி.மீ. துருத்தவிட்டு, கீழ் விளிம்பிலிருந்து நான்கைந்து வரிசைகளுக்கு இழைப்புளியால் சீவி, உப்புத்தாளால் சாய்வாக்குங்கள். கை தடவினால் படி தட்டுப்படக் கூடாது. செம்பின் மேல் வரிசைகள் இந்தச் சாய்வுக்கு அருகில் வருவதால், படி மிச்சமிருந்தால் தகடு தூக்கிக்கொள்ளும்.

வேலின் பலகைகளும் நேர்ப்பட்டைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு முனைக்கு அருகில் அகன்று இரு முனைகளிலும் குறுகும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் தலைகீழாகப் பொருந்தி, இரண்டும் சேர்ந்து ஒரே அகலமுள்ள பட்டையாகும். பித்தளைத் தகட்டில் ஒரு வார்ப்புரு வெட்டிவைத்தால் எல்லாப் பலகையும் ஒன்றுபோல வரும். கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இது தெரியுமா என்றால், விளிம்புகளை உப்புத்தாளால் ஒரு முறை மழுக்கியிருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். மற்றவர்கள் அந்த நேரத்தைப் பீரங்கித் துளைகளுக்குக் கொடுங்கள்.

துளைகளில்தான் மாடலின் முகமே இருக்கிறது. துளையின் பக்கவாட்டு விளிம்புகள் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கும். மேல், கீழ் விளிம்புகள் தளத்தின் வளைவோடு போகும். எனவே நடுக்கப்பலில் சதுரம் போலத் தெரியும் துளை, அணியத்துக்கும் அமரத்துக்கும் போகப் போகச் சற்றே சாய்சதுரமாகும். முன்பே வெட்டிய ப்ளைவுட் பக்கப்பலகையைக் கொஞ்சம் முன்னே பின்னே ஒட்டிவிட்டால் இந்தக் கோணம் கெடும். பசை காய்வதற்கு முன் மேசைமேல் மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு துளையையும் சரிபாருங்கள். கண்ணளவு போதாது.

அடுத்தது உள்விளிம்பு. மூடி வந்து உட்காரும்படி, வெளிப்பலகை துளையின் சட்டத்தை விடச் சற்று வெளியே நின்றுவிடும். பக்கங்களிலும் அடியிலும் மெல்லிய படி தெரியும். 1:72இல் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இதைச் செய்ய எளிய வழி: வெளிப்பலகையைத் துளை அளவுக்கு அரத்தால் தேய்த்துச் சீராக்கிவிட்டு, உள்ளே 0.8 மி.மீ. பட்டையால் சட்டம் கட்டி, அதை 1 மி.மீ. உள்வாங்கி ஒட்டுவது. அதற்கேற்ப முதலிலேயே துளையைப் பட்டையின் தடிமன் அளவுக்குப் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும். இதை மறந்தால் பீரங்கி வாய் துளைக்குள் இடித்துக்கொண்டு நிற்கும்.

மூடிகள் கப்பற்பக்கத்தின் வெளிப்பலகைத் தடிமனே உள்ளவை. மூடியின் மேல் ஓடும் பலகைக் கோடுகள் பக்கத்துப் பலகைக் கோடுகளோடு தொடர வேண்டும். வெளிப்பக்கம் கறுப்பு, உட்பக்கம் சிவப்பு. துளைக்கு மேலே மழைநீரை ஒதுக்கும் புருவம் போன்ற வளைவுப் பட்டை உண்டு. 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை ஓர் அச்சில் வளைத்து ஒட்டினால் போதும், பார்ப்பவர் கண் உடனே அங்கே போகும்.

இப்போது செம்பு. இந்தக் கிட்டில் நாங்கள் முழுமையாக மாற்றச் சொல்லும் ஒரே பகுதி இது. உண்மைத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:72இல் 17 × 5 மி.மீ. இந்த வகைக் கிட் தகடுகளின் நீள அகலம் சரியாகவே இருக்கும். பிழை தடிமனிலும் ஆணித் தலைகளிலும். சதுர அடிக்கு 32 அவுன்ஸ் எடையுள்ள தகட்டின் தடிமன் 1.1 மி.மீ.தான், மாடலில் அது 0.015 மி.மீ. ஆணிகள் தகட்டோடு தட்டையாக அடித்து இறக்கப்பட்டவை. அரை மி.மீ. குமிழ்களாக அழுத்திய ஆணித் தலை, உண்மைக் கப்பலில் 36 மி.மீ. குமிழுக்குச் சமம். பல ஆயிரம் குமிழ்கள் சேர்ந்தால் கப்பலின் அடிப்பகுதி பலாப்பழத் தோலாகிவிடும்.

மாற்று, வண்ணக்கண்ணாடி வேலைக்கு விற்கும் பின்பசை உள்ள செப்பு நாடா. தடிமன் ஏறத்தாழ 0.03 மி.மீ., அகலம் 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. விக்டரிக்கு அடித்தவை 3,900 தகடுகளுக்குச் சற்று மேல். 17 மி.மீ. வீதம் கணக்கிட்டால் 66 மீட்டர். ஒரு சுருள் 33 மீட்டர். இரண்டு போதும் என்று கணக்கு சொன்னாலும் மூன்றாக வாங்குங்கள், ஓரங்களில் சாய்வாக வெட்டும்போது சேதாரம் நிறைய.

நாடா பூச்சில்லாத வெறும் மரத்தில் ஒட்டாது, ஒட்டினாலும் சில மாதங்களில் முனை தூக்கும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஈரக்காற்றில் மரம் ஊதிச் சுருங்குவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடிப்பகுதி முழுவதும் சீலர் இரண்டு கோட், 400 எண் உப்புத்தாள், தூசியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைப்பது. அதன் பிறகே நாடா. ஒவ்வொரு துண்டையும் மழுங்கிய மரக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். பருத்திக் கையுறை அவசியம். விரல் வியர்வை பட்ட இடம் சில வாரங்களில் ரேகையோடு கறுத்துவிடும்.

வரிசை அமரத்தில் ஏராவருகே தொடங்கி அணியத்தை நோக்கி நகரும். முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறும், அப்போதுதான் ஓடும் நீர் விளிம்பைப் பெயர்க்காது. நாடாவில் 0.5 மி.மீ. ஏற்றினால் போதும். அடுத்த வரிசையின் முட்டு கீழ்த்தகட்டின் நடுவில் விழ வேண்டும். ஏராவோடு போகும் வரிசைகள் முனைகளில் மேல்நோக்கி வளையத் தொடங்கும். அவற்றை வலுக்கட்டாயமாக நேராக்காதீர்கள். கீழ்ப்பட்டையை ஓரிடத்தில் நிறுத்தி, நீர்மட்டத்துக்கு இணையாக மேல்பட்டையைத் தொடங்கி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் சாய்வாக வெட்டுவதே இங்கிலாந்துக் கட்டுதள முறை. ஆணித் தடம் வேண்டுமென்றால் மிக மெல்லிய புள்ளிப்பள்ளங்களாக வைக்கலாம். எங்கள் தேர்வு வெறும் தகடுதான். வார்னிஷும் வேண்டாம், ஓராண்டில் தானே பழுப்பேறும்.

சுக்கானுக்கும் அமரக்கட்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி விடுவது வழக்கமான பிழை. இரண்டின் எதிர்முனைகளையும் சாய்வாகச் சீவி, கீல்களுக்கு மட்டும் சுக்கானில் குழி வெட்டினால் மெல்லிய கோடு மட்டுமே மிஞ்சும். நீராழ எண்கள் ரோமன் எழுத்தில், ஓரடிக்கு ஒன்று, 6 அங்குல உயரம்: மாடலில் 2.1 மி.மீ. எழுத்து, 4.2 மி.மீ. இடைவெளி. உலர்மாற்று எழுத்து செம்பின் மேல் நன்றாகவே பிடிக்கும்.

பக்க நிறத்துக்கு ஆழ்ந்த காவி மஞ்சளை எடுக்காதீர்கள். கப்பலின் பழைய பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்து 2015இல் விக்டரிக்கு அடித்தது வெளிறிய, இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள். பளபளப்பில்லாத பெயின்டில் அதற்கு நெருக்கமாகக் கலந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பக்கவாட்டுச் சேனல் பலகைகள். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் வடங்களின் இழுவை முழுவதும் இவற்றின் மேல்தான் வரும். பசை மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் நான்கு இடங்களில் 1 மி.மீ. பித்தளைக் கம்பியை 8 மி.மீ. ஆழத்துக்குக் கப்பலுடலில் இறக்குங்கள். துளைகளைப் பெயின்டுக்கு முன்பே போடுங்கள். வடங்களைக் கப்பலுடலோடு பிணைக்கும் சங்கிலித் தகடுகளைச் செங்குத்தாக ஆணியடித்துவிட வேண்டாம். தற்காலிகப் பாய்மரத்தை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து ஒரு நூலைச் சேனல் வழியே இழுத்து, அந்தச் சாய்விலேயே ஒவ்வொரு தகட்டின் இடத்தையும் குறியுங்கள்.