பதினோரு வருஷமாக ஆடு வளர்க்கிறேன்

மிச்சிகன் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் எங்கள் வீடு. கராஜில் ஒரு ஆடு நிற்கிறது: 1967 பாண்டியாக் ஜிடிஓ என்ற பழைய கார். அந்த மூன்று எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றிப்போட்டு நடுவில் ஒரு 'ஏ' சேர்த்து இந்த ஊர்க்காரர்கள் 'கோட்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அதைத் தெரியாத்தனமாக வீட்டில் தமிழில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து "உங்க ஆட்டை வெளியே கட்டுங்க, நான் வண்டியை எடுக்கணும்" என்பதுதான் சனிக்கிழமை காலையில் மனைவியின் முதல் வாக்கியம். கோவில்பட்டியிலிருந்து போனில் அம்மாவும் பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டு, "ஆடு எப்படிப்பா இருக்கு?" என்று மறக்காமல் கேட்பார்.

2014 கோடையில் 31,500 டாலருக்கு வாங்கினேன். இதுவரை சுமார் 22,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வருஷத்தில் ஐந்து மாதம் பனியும், அதைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பும் உள்ள ஊரில் இது ஒன்றும் குறைவில்லை. இந்த மாதிரி பெரிய இன்ஜின் வைத்த பழைய அமெரிக்கக் கார், அதாவது மசில் கார், வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. ஓடுவதற்காக நான் செய்த செலவு சொற்பம். நிற்பதற்காகச் செய்ததுதான் அதிகம்.

இந்தக் கார் பிறந்த விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வாங்கும்போது அது உதவும். 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று தடை போட்டது. அந்தப் பிரிவுகளில் ஒன்றான, பந்தயத்தால் பேர் வாங்கிய பாண்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி வேறு. ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்ற மூன்று பொறியாளர்கள், பெரிய காருக்கான 389 கன அங்குல இன்ஜினைச் சின்ன டெம்பெஸ்ட் காரில் இறக்கிப் பார்த்தார்கள். அழகாக உட்கார்ந்தது. புது மாடல் என்று போனால் மேலிடத்தில் மாட்டும். அதனால் 1964-இல் டெம்பெஸ்டின் உயர்ரக வடிவமான லெமான்ஸ் காருக்கு 300 டாலருக்குள் கிடைக்கும் ஒரு கூடுதல் வசதித் தொகுப்பு என்று பெயர் வைத்து விற்றார்கள். 5,000 கார் போனால் பெரிது என்று நினைத்தது அந்த வருஷமே 32,450 போயிற்று. ஜிடிஓ என்ற பெயரையும் ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கூடுதல் வசதியாகப் பிறந்ததால் வந்த சிக்கல் என்னவென்றால், 1964, 65 கார்களின் அடையாள எண்ணைப் பார்த்து அது நிஜமான ஜிடிஓவா, பிறகு யாரோ சின்னம் ஒட்டிய லெமான்ஸா என்று சொல்ல முடியாது. 1966-இல் இருந்து தனி மாடல் ஆகிவிட்டதால் எண் 242 என்று தொடங்கும். என்னுடையது 242177பி. அடுத்த 17 இரண்டு கதவு ஹார்ட்டாப் (பக்க ஜன்னல்களுக்கு நடுவில் தூண் இல்லாத கூரை), 7 என்பது வருஷம், 'பி' என்றால் பாண்டியாக் நகரத்துத் தொழிற்சாலையிலேயே செய்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. இன்னொரு எச்சரிக்கை: பாண்டியாக்கின் 326-இல் இருந்து 455 வரை எல்லா வி-8 இன்ஜினும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. பிளாக்கின் முன்பக்கம் வலதுபுறம் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். கையில் டார்ச்சும் பழந்துணியும் எடுத்துப் போங்கள். அறுபது வருஷ எண்ணெய் அழுக்கைத் துடைத்தால்தான் எழுத்து தெரியும்.

1967-இல் மொத்தம் 81,722 ஜிடிஓக்கள் செய்தார்கள், அதில் ஹார்ட்டாப் மட்டும் 65,176. அதாவது இது அபூர்வமான பொருள் கிடையாது. எனக்கு அதுதான் வசதி. அபூர்வமான கார் வாங்கியவர்கள் அதை ஓட்டப் பயப்படுவார்கள்.

சரி, ஓட்டுவது எப்படி இருக்கிறது? காலையில் சாவியை மட்டும் திருகினால் எழுந்திருக்காது. ஆக்சிலரேட்டரை ஒருமுறை தரையோடு அழுத்திவிட வேண்டும். அப்போதுதான் குளிரில் காற்றைக் குறைக்கும் சோக் மூடிக்கொள்ளும். அப்புறம் காலை எடுத்துவிட்டுத் திருகினால், இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டு உறுமும். 400 கன அங்குலம், அதாவது ஆறரை லிட்டர். என் அப்பா ஓட்டிய அம்பாசடரில் ஒன்றரை லிட்டர்! புத்தகத்தில் 335 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். ஆனால் அது அந்தக் காலத்து மொத்தக் கணக்கு. சைலன்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் எதுவும் இழுக்காமல் இன்ஜினை மேஜையில் வைத்து அளந்தது. 1972-இல் கணக்கை மாற்றியதும் எல்லா அமெரிக்கக் கார்களின் எண்ணும் காகிதத்தில் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய குடும்பக் கார்கள் சில இதைச் சிக்னலில் முந்திவிடும். அதைச் சொன்னால் சில நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், உண்மை அதுதான்.

ஆனால் எண்ணில் அடங்காதது டார்க், அதாவது இழுவிசை. மூன்றாவது கியரில் மாடு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும்போது மிதித்தாலும் திணறாமல் தூக்கிக்கொண்டு போகும். மெதுவாகப் போகும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் இரண்டு சின்ன வாய்கள் மட்டும் திறந்திருக்கும். முழுக்க மிதித்தால் பின்னால் உள்ள இரண்டு பெரிய வாய்களும் திறந்து, பானட்டுக்கு அடியிலிருந்து 'ஹூ' என்று ஒரு ஓலம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே தேவையில்லாமல் யாரையாவது முந்தியிருக்கிறேன். நெடுஞ்சாலையில்தான் களைப்பு. நான்கு கியர், வேகத்தில் இன்ஜினைத் தணிக்கும் ஓவர்டிரைவ் கிடையாது, பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.55. மணிக்கு 65 மைல் போனால் இன்ஜின் 3,000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் அன்று நல்ல நாள்.

இன்ஜின் இந்தப் பதினோரு வருஷத்தில் என்னை நடுரோட்டில் விட்டது ஒரே ஒரு முறை, அதுவும் என் தப்பு. ஸ்பார்க் பிளக் ஒயர்களை மாற்றும்போது இரண்டை இடம் மாற்றிச் செருகிவிட்டேன். சிலிண்டர்களுக்குப் பொறி போக வேண்டியது 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில், அதுவும் அதைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். வீட்டு வாசல் தாண்டி முதல் திருப்பத்தில் கார்புரேட்டர் வழியாக வெடித்ததில், பக்கத்து வீட்டுப் பெரியவர் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார். மற்றபடி செய்தவை எல்லாம் முன்னெச்சரிக்கை. சத்தம் குறைய டைமிங் கியரின் பற்களில் நைலான் பூசியிருப்பார்கள். வயதானால் அது உதிர்ந்து எண்ணெய்த் தொட்டியில் விழும் என்பதால் முதல் வருஷமே இரும்பாக மாற்றினேன். பொறி உண்டாக்கும் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். எண்ணெய் வாங்கும்போது துத்தநாகம் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன், இல்லையென்றால் இந்தப் பழைய கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். கம்ப்ரஷன் விகிதம் 10.75. இங்கே கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். பொறி விழும் நேரத்தை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளிய பிறகு ஏற்றத்தில் டொக் டொக் என்று தட்டுவது நின்றது.

பணம் போன இடம் பிரேக். அந்தக் காலத்து வழக்கப்படி நான்கு சக்கரத்திலும் டிரம். முன்சக்கர டிஸ்க் 1967-இல்தான் விருப்பத் தேர்வாக வந்தது. என் காரின் முதல் சொந்தக்காரர் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். ஒருமுறை வேகத்திலிருந்து நிறுத்தினால் நன்றாகத்தான் நிற்கும். சூடு ஏறிய பிறகு அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான், பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய முதல் இலையுதிர் காலத்தில் ஒரு நீண்ட இறக்கத்தில், முன்னால் திடீரென்று நின்ற லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். 1,600 கிலோ இரும்பு. அன்றைக்கு வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முன்சக்கரத்துக்கு டிஸ்க் தொகுப்பு வரவழைத்தேன். 1967-இல் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது என்பது ஒரு நிம்மதி. முன்பக்கக் குழாய் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். 66 வரை அதுகூட இல்லை.

அந்த வேலையைச் செய்ய ஒரு பணிமனையில் விட்டேன், பெயர் வேண்டாம். பிரேக்கை ஒழுங்காகப் பொருத்தினார்கள். கூடவே நான் கேட்காமலே கார்புரேட்டரையும் 'சரி' செய்து கொடுத்தார்கள். அதற்குள் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவையான ஃப்ளோட்டின் உயரத்தைத் தப்பாக வைத்ததில், ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்ரோல் வழிந்து இன்ஜின் அணைந்தது. மூன்று முறை கொண்டுபோய்க் கொடுத்தும் தீராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்கேலை வைத்து அளந்து மாற்றினேன். இந்த ஊரிலேயே பழைய கார்புரேட்டரைத் தொடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். வாங்க நினைக்கிறவர்கள் அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குடும்பத்தோடு போவதில் ஒரு சங்கடம். இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் கட்டாயம் ஆனது 1968 ஜனவரியில், தலைக்குச் சாய்மானம் அதற்கும் ஒரு வருஷம் கழித்து. மகள் சின்னவளாக இருந்தவரை அவளை இதில் ஏற்றவே இல்லை. அவள் வாசலில் நின்று அழுவாள். முன்னிருக்கைகளுக்குத் தோள் பெல்ட் வைத்த பிறகு, பன்னிரண்டு வயதில்தான் முதல் சவாரி.

குளிர்காலம் தனிக் கதை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது; சாலையில் உப்பு கொட்ட இந்த ஊர்க்காரர்களுக்குக் கை கூசாது. நவம்பர் முதல் மழைக்குள் வண்டியைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். படகுகளுக்கென்று விற்கும் எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தொட்டி நிறைய ஊற்றி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் வாயிலும் இரும்பு நாரை அடைத்துவிட வேண்டும். ஒரு வருஷம் அந்த நாரை மறந்தேன். ஏப்ரலில் ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே ஒரு எலிக் குடும்பம், மெத்தைப் பஞ்சோடு. இருக்கையின் அடியில் எங்கிருந்து எடுத்தது என்பதும் தெரிந்தது.

இத்தனைக்கும் பலன் ஆகஸ்டில். மிச்சிகனில் பழைய கார்களுக்கான 'ஹிஸ்டாரிக்' எண்பலகை வாங்கினால் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி என்றுதான் ஓட்டலாம்; ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டம்போல் ஓட்டலாம். அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமைதான் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம், 1995-இல் இருந்து நடக்கிறது. அறுபதுகளில் இதே உட்வர்ட் சாலையில்தான் ராத்திரியில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விடுவார்களாம், கார் கம்பெனிப் பொறியாளர்கள் உட்பட. இப்போது அதே சாலையில் நடந்து போகிறவர்கள் நம்மை முந்துவார்கள். அந்த நெரிசலில் வெப்பமானி முள் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூண்டு என் காரில் யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருந்தார்கள். அதை வாங்கி மாட்டிய பிறகுதான் முள் நடுவில் நிற்கிறது. சல்லிசான வேலை, பலன் பெரிது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாலையிலேயே பர்மிங்காம் என்ற ஊர்ப் பக்கம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் எழுந்து வந்தார். பாண்டியாக் தொழிற்சாலையில் கதவு மாட்டியவராம். என்னைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை, நேராக ஓட்டுநர் கதவைத் திறந்து மூடினார். இன்னொரு முறை மூடினார். "கீல் தேய்ந்திருக்கிறது, அதன் பின்னை மாற்று" என்றார். 2010-இல் பாண்டியாக் என்ற பெயரையே மூடிவிட்டார்கள். மனிதர் இன்னும் தரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வாரமே பின்னை மாற்றினேன். கதவு இப்போது ஒற்றை விரலில் மூடுகிறது.

வாங்கலாமா என்றால், இன்ஜின் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, தரையும் சேஸியும் துருப்பிடிக்காத காராகப் பாருங்கள். இன்ஜினுக்குப் பாகம் கிடைக்காத நாளே இல்லை. ரப்பர், கண்ணாடி, இருக்கை உறை எல்லாம்கூடப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 14 அங்குல டயர்தான் தேர்வு குறைவு. அடுத்த முறை 15-க்கு மாறிவிடுவேன் என்று நினைக்கிறேன். டிரம் பிரேக்கோடு கிடைத்தால், டிஸ்க் வைக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

இப்போதைக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கசிவு. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் கயிறு மாதிரித் திரித்த சீல். அறுபது வயதை நெருங்கும் எந்தச் சீலும் சொட்டத்தான் செய்யும். ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். நாலு வருஷமாக இந்தக் குளிர்காலத்தில் செய்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மனைவி கராஜுக்கு வந்து பார்த்தாள். அடியில் போட்டிருந்த அட்டையை மட்டும் புதிதாக மாற்றியிருந்தேன்.