பழைய கம்ப்யூட்டரில் ஷேர்வேர் கேம்கள்: நாள்பட ஆடிப் பார்த்ததில்

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வீட்டு மச்சில் மூடிக் கிடக்கும் கம்ப்யூட்டர் பென்டியம் 4, 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி ரகம் என்றால் தூக்கிப் போட வேண்டாம். தொண்ணூறுகளின் ஷேர்வேர் கேம்களுக்கு அது தாராளம். முதல் பாகம் இலவசம், பிடித்தால் மீதிக்குப் பணம் என்பதுதான் ஷேர்வேர். டூம் (1993) இலவசப் பாகத்திலேயே ஒன்பது லெவல், கேம் ஃபைல் நாலு எம்பிதான். கமாண்டர் கீன் முதல் பாகம் (1990), ஜாஸ் ஜாக்ராபிட் (1994) இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. டூமை அவர்களிடம் கொடுக்காதீர்கள், ரத்தம் அதிகம்.

எக்ஸ்பியின் பழைய பிரவுசரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. புதிய கருவியில், பழைய மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலிருந்து கேமை இறக்கி, வைரஸ் ஸ்கேன் செய்து, பென்டிரைவில் கொண்டு போங்கள். விண்டோஸ் 98-க்கு பென்டிரைவ் டிரைவர் தனியாகப் போட வேண்டும். அதற்கு சிடி எழுதிக்கொள்வதே லேசு.

எக்ஸ்பியில் நேரடியாக ஓட்டினால் சவுண்ட் திக்கும், சில கேமில் வராது. இவை விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கு எழுதிய கேம்கள். அதனால் பழைய டாஸ் கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள். கேம் செட்டப்பில் சவுண்ட் கார்டுக்கு சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று தேர்ந்தெடுங்கள். பலர் ஐஆர்க்யூவை 5 என்று வைத்துவிட்டு 'சத்தமே இல்லை' என்பார்கள். கண்ட்ரோல் கீயோடு எஃப்12 தட்டினால் வேகம் கூடும், எஃப்11 தட்டினால் குறையும். டாஸ்பாக்ஸில் இந்த வேகத்துக்கு சைக்கிள் என்று பெயர். கீனுக்கு 3000 சைக்கிளே போதும். டூமுக்கு அது ஆமை வேகம், படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றினால் சத்தம் உடையும். பிராசசர் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், இரண்டு படி இறக்குங்கள்.

ஜாஸை டாஸில் நேரடியாகத் திறந்தால் 'ரன்டைம் எரர் 200' வரலாம். கோளாறு கேமில் இல்லை. டர்போ பாஸ்கல் என்ற பழைய புரோகிராமிங் கருவியில் எழுதியது அது. தொடங்கும்போதே பிராசசரின் வேகத்தை அளக்கும், வேகமான பிராசசரில் அந்தக் கணக்கு நிரம்பி வழிந்துவிடும். டாஸ்பாக்ஸில் சைக்கிளைக் குறைத்து வைத்தால் இது வராது.

டூமில் ஓட ஷிஃப்ட். ஐந்து முறை தட்டினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குறுக்கே வந்து நிற்கும், அதற்குள் பேய் கடித்திருக்கும். கண்ட்ரோல் பேனல், அக்சஸிபிலிட்டி ஆப்ஷன்ஸில் அந்த ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள்.

நம்ம ஊரில் ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று வேறு. ஆன் செய்ததும் பீப் அடித்துத் திரை கருப்பாகவே இருந்தால், பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறப் பட்டைகளை பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். தேதி அழிந்துபோனால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர் 2032 பேட்டரியை மாற்றணும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.